வண்டி ஓடும் முன்பே 325 மார்க்: மாணவர்கள் கட்டும் ரேஸ் கார் போட்டியில் டெல்டா பசங்களுக்கு எது தடை?

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்தது. அதற்கு முன்பு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ராத்திரியில் சீறிப் பாய்ந்தன. கார் ரேஸ் என்றாலே 'அது பணக்காரங்க விளையாட்டு' என்று ஒதுங்கிப் போனவர்கள்கூட அந்த இரண்டு சமயத்திலும் போனை எடுத்து வீடியோ பார்த்தார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் இன்னொரு ரேஸும் நடக்கிறது. அதில் ஹீரோ டிரைவர் கிடையாது. காரை வரைந்தவர், வெல்டிங் வைத்தவர், வயரிங் பண்ணியவர், போல்ட்டுக்குக் கணக்கு எழுதியவர் என எல்லோரும் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு ஒருவர் விடாமல் சேர்த்துத்தான் மார்க்.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொதுவாக ஜனவரி மாதத்தில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' தான் அந்தப் போட்டி. அதே ஜனவரியில் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும். கும்பகோணத்தில் இருந்து சென்னை போகும் சாலையில், அணைக்கரைக்கு முன்னால் இருக்கும் திருப்பனந்தாளில் இருந்து செட்டிபாளையம் சுமார் 300 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம். ஆனால் அந்த ஊரில் இருந்து இன்ஜினியரிங் படிக்கப் போகும் ஒரு மாணவர், தன் அணி கட்டிய காரோடு அங்கே போய் நிற்பது அவ்வளவு சுலபமா? எது தடுக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன போட்டி?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது 'ஃபார்முலா எஸ்ஏஇ'. ஒரு கற்பனைக் கம்பெனி, வார இறுதியில் ரேஸ் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்காக ஒரு சின்ன காரை வடிவமைத்துத் தரச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரின் மாதிரியை மாணவர்கள் வரைந்து, கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். போட்டியின் அடிப்படை இவ்வளவுதான்.

1998-ல் இது 'ஃபார்முலா ஸ்டூடன்ட்' என்ற பெயரில் பிரிட்டனுக்குப் போனது. 2006-ல் ஜெர்மனியில் தொடங்கிய போட்டி இன்று இந்த வகையில் உலகின் முக்கியமான போட்டிகளில் ஒன்று. எஃப்1 ரேஸ் நடந்த ஹாக்கன்ஹைம் டிராக்கில்தான் ஜெர்மனி போட்டி நடக்கிறது.

இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்ஏஇ இந்தியா அமைப்பு 2011-ல் 'சுப்ரா' போட்டியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2007-ல், காடுமேட்டில் ஓடும் வண்டிகளுக்கான 'பாஜா' போட்டியையும் அதே அமைப்பு கொண்டுவந்துவிட்டது. ஃபார்முலா பாரத் தனி ஏற்பாட்டாளர்கள் நடத்துவது.

தீவுத்திடலில் ஓடிய ஃபார்முலா 4-க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே எல்லா அணிக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி கார். டிரைவரின் திறமைதான் முடிவைத் தீர்மானிக்கும். இங்கே ஒவ்வொரு அணியின் காரும் வேறு வேறு. தொழில்முறை இன்ஜினியர்கள் வந்து டிசைன் செய்து கொடுத்தால் விதிமீறல். கார்கள் ஒன்றையொன்று முந்துவதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவும் மாட்டா. ஒவ்வொன்றும் கடிகாரத்தோடுதான் போட்டி போடும்.

1000 மார்க்... எதற்கு எவ்வளவு?

ஃபார்முலா எஸ்ஏஇ-யின் மார்க் பட்டியல் இது. மற்ற நாட்டுப் போட்டிகளில் சில எண்கள் மாறலாம், ஆனால் அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

- இன்ஜினியரிங் டிசைன்: 150
- செலவுக் கணக்கும் தயாரிப்பு முறையும்: 100
- பிசினஸ் பிரசன்டேஷன்: 75
- நேர்க்கோட்டில் 75 மீட்டர் வேக ஓட்டம்: 100
- எட்டு வடிவத்தில் வளைந்து ஓட்டும் ஸ்கிட்பேட்: 75
- ஒரு சுற்று ஆட்டோகிராஸ்: 125
- நீண்ட ஓட்டமான எண்டியூரன்ஸ்: 275
- எரிபொருள் சிக்கனம்: 100

முதல் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 325 வரும். கார் ஒரு அடிகூட நகராமல், நடுவர்கள் முன்னால் நின்று பேசி வாங்க வேண்டிய மார்க் அது.

டிசைன் சுற்றில் நடுவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: 'ஏன்?' இந்த டியூப் ஏன் இந்தத் தடிமன்? சஸ்பென்ஷனின் கை ஏன் இந்தக் கோணத்தில் இருக்கிறது? 'போன வருஷ சீனியர்ஸ் இப்படித்தான் வச்சாங்க' என்று பதில் சொன்னால் மார்க் போச்சு. கணக்கு காட்டணும், டெஸ்ட் செய்த டேட்டா காட்டணும்.

செலவுச் சுற்றில் ஒவ்வொரு போல்ட், நட், வாஷர் வரை பட்டியல் தர வேண்டும். பிசினஸ் சுற்றில் நடுவர்களையே முதலீட்டாளர்களாக நினைத்துக்கொண்டு, இந்தக் காரை விற்று எப்படி லாபம் பார்ப்போம் என்று விளக்க வேண்டும்.

டிராக்குக்குள் போக ஒரு ஸ்டிக்கர் வேண்டும்

பேசி முடித்தவுடன் காரை ஸ்டார்ட் செய்துவிட முடியாது. நடுவில் டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது. ஒவ்வொரு சோதனையில் தேறும்போதும் காரின் மூக்கில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எல்லா ஸ்டிக்கரும் சேர்ந்தால்தான் டிராக் கதவு திறக்கும்.

காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். எண்ணெய், பெட்ரோல் எதுவும் ஒழுகக் கூடாது, சக்கரம் தரையை விட்டுத் தூக்கக் கூடாது. பிரேக் டெஸ்டில் வேகமாக வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். மூன்று சக்கரம் நின்று ஒன்று சுற்றினாலும் ஃபெயில்தான். பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் டிரைவர் 5 விநாடிக்குள் வெளியே வந்து நிற்கணும். எலெக்ட்ரிக் கார் என்றால் மழை மாதிரி தண்ணீர் அடித்து, மின்கசிவு பாதுகாப்பு தாங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஒரு வருஷம் ராத்திரி பகலாக உழைத்துக் கட்டிய கார், இந்த வரிசையில் ஒரு ஸ்டிக்கர் கிடைக்காமல் ஓரத்தில் நிற்பதும் நடக்கும். புது அணிகளுக்கு முதல் வருஷம் இந்த இன்ஸ்பெக்‌ஷனில் தேறுவதே பெரிய வெற்றிதான்.

ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை

பெட்ரோல் கார்களுக்கு இன்ஜின் 710 சிசி-க்கு மேல் போகக் கூடாது. அதோடு இன்னொரு கட்டுப்பாடு: இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு.

ஏன் இப்படி? இன்ஜின் எவ்வளவு வேகமாக இழுத்தாலும், அந்தத் துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு நொடிக்கு இவ்வளவுதான் காற்று என்று நின்றுவிடும். காற்று கூடாவிட்டால் பெட்ரோலும் கூட எரியாது, பவரும் கூடாது. மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. எலெக்ட்ரிக் கார்களுக்கு இதே வேலையை 80 கிலோவாட் பவர் வரம்பு செய்கிறது.

இதில்தான் போட்டியின் நியாயம் இருக்கிறது. காசு இருக்கும் அணி பெரிய இன்ஜினை வாங்கிப் போட்டு ஜெயித்துவிட முடியாது. அதனால்தான் இந்தியாவில் பல அணிகள் 373 சிசி கேடிஎம் பைக் இன்ஜினை வைத்தே கார் கட்டுகின்றன. எடையைக் குறைத்து, வளைவில் வேகத்தை விடாமல் ஓட்டினால் அதுவே போதும்.

வெற்றி, தோல்வி முடிவாகும் 22 கிலோமீட்டர்

எண்டியூரன்ஸ் ஓட்டம் சுமார் 22 கிலோமீட்டர். கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் பாதியில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, டிரைவரை மாற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து கிளம்பணும். கொதிக்கக் கொதிக்க நிற்கும் இன்ஜின் அந்த இடத்தில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது உலகெங்கும் அணிகள் சந்திக்கும் தலைவலி.

இதையும் சிக்கனத்தையும் சேர்த்தால் 375 மார்க். மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வேகமான காரைக் கட்டி, ஐந்தாவது சுற்றில் ஒரு ஹோஸ் கழன்று நிற்கும் அணியை, மெதுவாக வந்தாலும் முடித்துக் காட்டும் அணி தாண்டிவிடும். அதனால் அனுபவமுள்ள அணிகள் புதுப் பாகம் சேர்ப்பதைவிட, காரைச் சீக்கிரம் கட்டி முடித்து அதிக நாள் ஓட்டிப் பார்ப்பதைத்தான் நம்புகின்றன.

ஜெயித்தவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள்?

2023 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து மாணவர்கள் கட்டிய 'மைத்தன்' என்ற எலெக்ட்ரிக் கார், நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 விநாடியில் எட்டி உலக சாதனை படைத்தது. அதற்குத் தேவைப்பட்ட தூரம் வெறும் 12.3 மீட்டர். காரின் எடை சுமார் 140 கிலோ. ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகமும் லூசர்ன் கல்லூரியும் சேர்ந்த மாணவர் அணி அது. சாதனைக்காகத் தனியாகக் கட்டிய கார் என்றாலும், அதைக் கட்டிய அணி வளர்ந்தது ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளில்தான்.

இங்கே சென்னை ஐஐடி-யின் 'ரஃப்தார்' அணி 2022 நவம்பர் 28-ல் தன் முதல் எலெக்ட்ரிக் ஃபார்முலா காரான ஆர்எஃப்23-ஐ அறிமுகப்படுத்தியது. 45 மாணவர்களின் ஒரு வருட உழைப்பு அது. வேலூர் விஐடி-யின் 'பிரவேகா', எஸ்ஆர்எம்-மின் 'கேம்பர் ரேசிங்' அணிகளும் இந்த வட்டாரத்தில் தெரிந்த பெயர்கள்.

உண்மையில் தமிழ்நாட்டுக்கு இது புது வேலை கிடையாது. செட்டிபாளையம் டிராக்குக்குப் பெயர் தந்த எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற குறைந்த செலவு ரேஸ் காரை 1980-களிலேயே உருவாக்கியவர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். இந்தியாவின் முதல் எஃப்1 டிரைவரான கோவை நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த ஃபார்முலா மாருதியைத்தான்.

அப்படியென்றால் டெல்டாவுக்கு எது தடை?

'நம்ம ஊர் பசங்களுக்கு மெஷின் தெரியாது' என்று மட்டும் சொல்ல முடியாது. டிராக்டர், பவர் டில்லர், பெல்ட் டைப் நெல் அறுவடை வண்டி எல்லாம் டெல்டாவில் தினசரிப் புழக்கம். அறுவடை நேரத்தில் வண்டி வயலில் நின்றுபோனால், அங்கேயே கழற்றி ஓடவைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். காசி மடத்துக்கும் செந்தமிழ்க் கல்லூரிக்கும் பேர்போன திருப்பனந்தாளில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் வெண்கல வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலை. உலோகத்தோடு பழகிய மண்தான் இது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. நான்காகப் பிரிக்கலாம்.

1. பணம்: இன்ஜின், டயர், எலெக்ட்ரிக் என்றால் பேட்டரி செல்கள், பதிவுக் கட்டணம், காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவு, அணியின் தங்கும் செலவு என எல்லாம் சேரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் இன்ஜினியரிங் படிப்புக்கும் வந்தது. அதில் சேருபவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பெரிய கதவு திறந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரிக்குள் போன பிறகு, ரேஸ் கார் அணியில் சேர 'ஆளுக்கு இவ்வளவு போடணும்' என்று பங்கு கேட்டால் அந்தச் செலவு இந்தப் பட்டியலில் இல்லை. கட்டணம் இல்லாமல் உள்ளே வந்த மாணவர் அந்த இடத்தில் ஒதுங்கிவிடுவார்.

2. பக்கத்தில் தொழிற்சாலை இல்லை: கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள அணிகளுக்கு உதிரிபாகக் கம்பெனிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. காசாகத் தராவிட்டாலும், ஒரு பாகத்தை மெஷினில் கடைந்து தருவார்கள், மிச்ச அலுமினியத் துண்டைக் கொடுப்பார்கள். ஸ்பான்சர் என்றால் பாதி அதுதான். நெல் வயல் சூழ்ந்த டெல்டாவில் அந்தச் சங்கிலி கிடையாது.

3. நேரம்: ஜனவரியில் போட்டி என்றால் காரை ஓட்டிப் பார்க்க வேண்டிய முக்கியமான மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். செமஸ்டர் எக்ஸாமும் அப்போதுதான். ஹாஸ்டலில் தங்கி ராத்திரி 12 மணி வரை ஒர்க்‌ஷாப்பில் இருக்க முடிகிற மாணவருக்கும், சாயங்காலம் கடைசி காலேஜ் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பும் மாணவருக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்காது. பெண்கள் விடுதிக் கதவு சீக்கிரம் மூடும் கல்லூரி என்றால் மாணவிகள் அணியில் பேருக்குத்தான் இருப்பார்கள்.

4. கைமாற்றும் அறிவு: இதுதான் வெளியே தெரியாத தடை. நல்ல அணிகள் ஒவ்வொரு வருஷமும் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்று எழுதி வைத்து ஜூனியர்களிடம் கொடுக்கின்றன. பத்து வருஷ நோட்டு கையில் இருக்கும் அணியோடு, முதல் வருஷ அணி போட்டி போட வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு பேட்ச் ஆர்வமாகத் தொடங்கி, அவர்கள் பட்டம் வாங்கிப் போனதும் கார் ஷெட்டில் தூசி பிடித்து நின்றுவிட்டால், அடுத்த பேட்ச் மறுபடி முதலில் இருந்துதான் தொடங்கும்.

முதல் மூன்றுக்கும் காசும் கொள்கையும் வேண்டும். நான்காவதுக்கு ஒரு நோட்டும், விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பேராசிரியரும் போதும். டெல்டா கல்லூரிகள் நாளைக்கே தொடங்கக்கூடியது அதுதான்.

இதனால் வேலை கிடைக்குமா?

நேரடியாக 'கிடைக்கும்' என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்ப வேண்டாம். கலந்துகொண்ட சர்டிஃபிகேட்டுக்குப் பெரிய மதிப்பும் இல்லை. ஆனால் ஆட்டோமொபைல் கம்பெனிகள் உலகெங்கும் இந்தப் போட்டிகளைக் கவனிக்கின்றன, ஸ்பான்சர் செய்கின்றன, நடுவர்களாகத் தங்கள் இன்ஜினியர்களை அனுப்புகின்றன. இன்டர்வியூவில் 'நீங்க என்ன செஞ்சீங்க?' என்று கேட்டால், இந்த மாணவரால் உடைந்த ஒரு பாகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச முடியும். ஏன் உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், அடுத்த முறை என்ன மாற்றினோம் என்று சொல்வதுதான் பல சமயம் மார்க்‌ஷீட்டைவிட அதிகம் பேசும்.

அபாயமும் உண்டு. அணி வேலையில் மூழ்கி அரியர் வைப்பவர்கள், வருகைப் பதிவில் சிக்குபவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். வேலையைச் செய்யாமல் பேரை மட்டும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நடுவர் கேட்கும் இரண்டாவது 'ஏன்'-இல் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ரேஸ் கார் மட்டும்தானா?

இல்லை. அதே எஸ்ஏஇ இந்தியா அமைப்பு, விவசாயக் கருவிகளுக்காக 'டிஃபன்' என்ற மாணவர் போட்டியையும் நடத்துகிறது. காய்கறி நாற்று நடும் இயந்திரம் போன்றவற்றை மாணவர்கள் வடிவமைத்து, கட்டி, நிலத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். டிசைன், செலவு, களத்தில் ஓட்டம் என்று இதன் இலக்கணமும் ரேஸ் கார் போட்டியை ஒட்டியதுதான்.

டெல்டா மாணவருக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. சேற்றில் இயந்திரம் எப்படிப் புதையும், நாற்று எந்த ஆழத்தில் நிற்கும் என்று அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க டிராக் வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம், வீட்டு வாசலைத் தாண்டினால் வயல். தஞ்சை செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியில் தொடங்கி, திருச்சி குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரி வரை இந்த வட்டாரத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு ரேஸ் காரைவிடக் குறைந்த செலவில் நுழைய இது ஒரு வழி. இதில் பழகிய அணிக்கு டிசைன் ரிப்போர்ட் எழுதவும் செலவுக் கணக்கு போடவும் கை வந்துவிட்டால், 325 மார்க்குக்கான பயிற்சி தானாகவே நடந்துவிடும்.

கல்லூரி தேர்வு செய்யும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

பிளஸ் டூ முடித்து, மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரிக்கல் பக்கம் போக நினைக்கும் மாணவர்களும் பெற்றோர்களும் கல்லூரி வாசலில் நிற்கும் காரைப் பார்த்து மயங்காமல் இதைக் கேளுங்கள்:

- அந்தக் கார் கடைசியாக எந்த வருஷம் போட்டிக்குப் போனது? இன்ஸ்பெக்‌ஷனில் தேறியதா, எண்டியூரன்ஸ் முடித்ததா?
- அணியில் சேர மாணவர் கையில் இருந்து பணம் கட்ட வேண்டுமா? எவ்வளவு?
- ஒர்க்‌ஷாப் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மாணவிகளுக்கும் அதே நேரம்தானா?
- லேத், வெல்டிங் வேலையை மாணவர்களே செய்கிறார்களா, வெளியே கொடுத்து வாங்குகிறார்களா?
- போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா?
- பழைய அணிகளின் ரிப்போர்ட்டுகளை ஜூனியர்கள் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு 'இதோ, பாருங்க' என்று ஒரு அலமாரியைத் திறந்து காட்டும் கல்லூரி, வாசலில் கார் நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு தகவல்: ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில் இடம் பிடிக்க, விதிமுறைப் புத்தகத்தில் இருந்து ஆன்லைன் குவிஸ் வைக்கிறார்கள். வேகமாகவும் சரியாகவும் பதில் சொல்லும் அணிகளுக்கே வாய்ப்பு. விதிமுறைப் புத்தகம் இணையத்தில் இலவசம். அதைப் படிக்க ஒர்க்‌ஷாப்போ ஸ்பான்சரோ தேவையில்லை. நான்கு நண்பர்களும் ஒரு போனும் இருந்தால், திருப்பனந்தாளில் இருந்தே இன்றைக்குத் தொடங்கலாம்.